பகல் நேரத்து நைட்டி

தம்பி,

ஆவடியிலிருந்து பூந்தமல்லியில் பஸ் மாறி மாங்காட்டுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நேரிலேயே வந்து சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியும். உன் எதிரில் வந்து உட்கார்ந்தால் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா என்று கேட்பேன், வீட்டுக்காரர் எப்படி என்று விசாரிப்பேன், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். நமக்குள் இத்தனை வருடமாக நடக்கும் பேச்சு அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே, கவிதாவிடமும் கொடு. இந்தக் கடிதம் எழுதக் காரணமே உன் மனைவிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் காமாட்சி அம்மன் கோயிலுக்கு வந்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டு மாடிப்படி ஏறினோம். பதினொரு மணி இருக்கும். கவிதாதான் கதவைத் திறந்தாள். பச்சை நிறத்தில் ஒரு நைட்டி, கையெல்லாம் மாவு. எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் சிரிப்புதான் வந்தது. நான் அதைப் பார்த்தேன். அடுத்த நொடி தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டாள், சிரிப்பு போய்விட்டது. “வாங்க மாமா, வாங்க அத்தை” என்று பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்பில் தோசை கருகும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாய், ஃபேனைப் போட்டாய், எங்களை உட்காரச் சொன்னாய், அவள் பின்னாலேயே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். அந்த வீட்டுக் கதவு மெல்லிய பலகை, தம்பி. “பெரியவங்க வந்து நிக்கிறாங்க. இந்தக் கோலத்துலயா கதவைத் திறப்ப? அப்பா என்ன நினைப்பாரு?” என்று நீ கேட்டது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்துக் கவிதா கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி புடவை கட்டிக்கொண்டு காபி கொண்டுவந்தாள். கண் லேசாகச் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருந்த ஒரு மணி நேரமும் அவள் உட்காரவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, குமணன்சாவடி நிறுத்தத்தில் கூட்டம் இறங்கியதும், “அந்தப் பொண்ணு நம்மளைப் பார்த்துப் பயந்துடுச்சுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நீ அந்தக் குரலில் பேச எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா என்ன நினைப்பார் என்று நீ கேட்டதால், அப்பா என்ன நினைக்கிறார் என்பதை அப்பாவே சொல்லிவிடுகிறேன். அதற்கு நான் உன் அம்மாவுக்குச் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அதில் பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது.

நீ ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வயிற்றில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது நினைவிருக்கும். நாம் அப்போது ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் கீழ்த்தளத்தில் இருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆறு மாசத்துக்கு இவங்க இடுப்புல நாடா கட்டவே கூடாது. தையல் மேல பாவாடை நாடா அழுத்தினா மறுபடி இங்கதான் கூட்டிட்டு வரணும். நைட்டி வாங்கிக் கொடுங்க” என்று சொல்லிவிட்டார். நைட்டி என்ற சொல்லை அதுவரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் விருதுநகர்ப் பக்கம் அப்போது யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் பூந்தமல்லி கடைத்தெருவுக்கு சைக்கிளில் போனேன். ஆவடியில் வாங்கினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். கடைக்காரரிடம், “ஆபரேஷன் ஆனவங்க போடுற மாதிரி, தொளதொளன்னு, இடுப்புல கட்டாம…” என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நைட்டி வோணும்னு வாயத் தொறந்து சொல்லேன் சார், இன்னா இப்ப” என்று நாலைந்தை எடுத்துப் போட்டார். மெரூன் நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் இன்னொரு காகிதம் சுற்றி வாங்கிவந்தேன்.

அம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று முதல் நாள் முழுக்கச் சிரித்தாள். “தலையணை உறைக்குள்ள பூந்த மாதிரி இருக்குங்க” என்றாள். ஒரு வாரத்தில் சிரிப்பு போய், அது அவளுக்குப் பழகிவிட்டது. ஆறு மாதம் முடிந்தது, தையல் ஆறியது, அவள் புடவைக்குத் திரும்பவில்லை. முதலில் வீட்டுக்குள் மட்டும் போட்டிருந்தாள். பிறகு துணி காயப்போட வெளியே போனாள். பிறகு தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள், காய்கறி வண்டிக்குப் போனாள், ரேஷன் கடை வரிசையிலும் நின்றாள். எங்கள் வரிசையில் பகல் வெளிச்சத்தில் நைட்டியோடு தெருவுக்கு வந்த முதல் பெண் உன் அம்மாதான். நான் ஒருநாள் மெதுவாக, “வீட்டுக்குள்ள சரி, வெளிய போகும்போது மட்டும் மாத்திக்கயேன்” என்றேன். “ரெண்டு குடம் தண்ணி பிடிக்கிறதுக்கு ஆறு கஜம் சுத்திக்கிட்டுப் போகணுமா? நீங்க ஒருநாள் கட்டிக்கிட்டுப் போய்ப் பிடிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

என்னோடு லேத்தில் வேலை செய்த துரைராஜ் மாமாவை உனக்குத் தெரியும். திருச்சிக்காரர், நல்ல மனிதர், நாக்கு மட்டும் நீளம். நம் வீட்டுக்கு அவர் அதுவரை வந்ததில்லை, அம்மாவை அவருக்கு அடையாளம் தெரியாது. ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் யாரோ ஒரு அம்மா பகலில் நைட்டியோடு நடமாடுகிறார் என்ற செய்தி ஃபேக்டரி வரைக்கும் போய்விட்டது. “என்ன சார், உங்க லைன்ல ஒரு வீட்டுக்கு மட்டும் இன்னும் பொழுது விடியலையாமே” என்று சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்ல, பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யார் வீடு என்று சொல்லவில்லை.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. இது உனக்குத் தெரியாத பாதி. ஒரு காலையில் ஏதோ அற்ப விஷயத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டு கேரியரை வீட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் வெளியே வந்தோம். கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழல்கூட எட்டாத இடத்தில், உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மெரூன் நைட்டி, தோளில் துண்டு, கையில் கேரியர். சித்திரை வெயிலில் ஒரு மைல் நடந்து வந்திருக்கிறாள். அத்தனை ஆட்களுக்கு நடுவில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துவிட்டேன், தம்பி. பார்த்துவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். காவலாளியிடம் போய், “அந்தக் கேரியர் எனக்குத்தான், வாங்கிட்டு வந்துடுங்க” என்றேன். அவர் வாங்கி வந்தார். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். துரைராஜ் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். “யாரு சார் அது, நைட்டியோட இவ்வளவு தூரம் வந்திருக்கு?” என்றார். “எங்க வீட்டு வேலைக்காரம்மா” என்றேன்.

இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேனா என்று கேட்காதே. சாப்பிட்டேன். என்மேல் வரவேண்டிய கோபம் சாயங்காலத்துக்குள் அந்த நைட்டியின் மேல் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது அம்மா குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். அவளிடம் இருந்த அந்த ஒரே நைட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் தையல் மெஷின் டிராயரிலிருந்த கத்தரிக்கோலையே எடுத்து அதை எட்டுத் துண்டாக வெட்டினேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய். உன்னைக் கூப்பிட்டு ஒரு துண்டைக் கையில் கொடுத்து, சைக்கிள் சக்கரத்தைத் துடைக்கச் சொன்னேன். “அம்மா நைட்டி மாதிரி இருக்கேப்பா?” என்று கேட்டாய். “பழசு, கிழிஞ்சுபோச்சு” என்றேன். நீ நம்பித் துடைக்க ஆரம்பித்தாய். எண்ணெய் பிசுக்கு ஏறிய அந்தத் துணி உன் கையில் இருக்கும்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். அதை உன் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உன்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “கம்பியில கையக் கிழிச்சுக்காம மெதுவாத் துடை” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். மறுநாளிலிருந்து புடவைதான். அவள் சண்டை போட்டிருந்தால் நானும் கத்தி எதையாவது சொல்லியிருப்பேன். தழும்பு இருந்த இடத்தில் நாடா அழுத்தி, குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நமக்குப் பால் கொண்டுவந்த கன்னியம்மாவை உனக்கு மறந்திருக்காது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பழைய கிராமத்துக்காரி. அவர்களுக்கு ஒருகாலத்தில் நிறைய நிலம் இருந்தது, பிறகு இரண்டு மாடு மிஞ்சியது. ஒரு காலையில் பால் ஊற்றிக்கொண்டே அவள் கேட்டது என் காதில் விழுந்தது. “எம்மா, அந்தச் செவப்பு கவுனு எங்கம்மா? காணமே?”

“கிழிஞ்சுபோச்சு.”

“அய்ய, நல்லா இருந்துச்சே. எனுக்கு ஒண்ணு தெச்சுக் குடேன். மாடு கயுவசொல்ல பொடவ முட்டி வரிக்கும் நனஞ்சி பூடுது. நானு இன்னா, கண்ணாலத்துக்கா போயிகினு கீறேன்?”

அம்மா வெட்டுப்பட்டுப் போன நைட்டியின் வடிவத்தை மனதிலிருந்தே எடுத்துக் காகிதத்தில் வரைந்து, கன்னியம்மாவுக்கு ஒன்று தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவள் ஊரெல்லாம் பால் ஊற்றினாள். அதற்கப்புறம் மேல்வீட்டு அம்மா துணி கொண்டுவந்தார், எதிர்வீட்டு அம்மா வந்தார், பின்வரிசையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மத்தியானம் முழுக்க நம் வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். இரண்டு வருடத்தில் நிலைமை எப்படி ஆனது தெரியுமா? சாயங்காலம் நான் சைக்கிளில் வரும்போது காய்கறி வண்டியைச் சுற்றி ஏழெட்டு நைட்டிகள் நிற்கும், எல்லாம் உன் அம்மா தைத்தவை. அந்தக் கூட்டத்தில் புடவை கட்டிக்கொண்டு நின்ற ஒரே பெண் உன் அம்மா. அந்தக் காட்சியைத் தினமும் தாண்டித்தான் வீட்டுக்குள் நுழைவேன். “நீயும் ஒண்ணு தெச்சுக்க” என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இரண்டு வருடம் சொல்லவில்லை.

அப்புறம் நீ ஒன்பதாவது படித்தபோது என் கால் உடைந்தது. நசரத்பேட்டையில் மனை பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது பெங்களூர் ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் சைக்கிள் சறுக்கி விழுந்தேன். வலது தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. பேன்ட் போட வழியில்லை. கைலி கட்டினால் நிற்கவில்லை. ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கைலி என்று நடந்தால் சுவரைப் பிடிக்கக் கையில்லை. மூன்றாம் நாள் காலை கூடத்தில் நடந்து பழகும்போது கைலி அவிழ்ந்து விழுந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் கன்னியம்மா பால் தூக்கோடு நிற்கிறாள். சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, “நான் ஒண்ணியும் பாக்கல அண்ணாத்தே” என்றாள். அப்படியே சுவரைப் பார்த்தபடி பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனாள். அம்மா அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் கேட்டேன்.

அன்று மத்தியானமே டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் தோளை அளந்தாள். கோடு போட்ட வெள்ளைப் பருத்தித் துணியில் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒன்று தைத்தாள். “என்னது இது, நைட்டியா?” என்றேன். “அங்கின்னு வெச்சுக்கங்க” என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டேன். எங்கும் இறுக்கவில்லை, எதுவும் அவிழவில்லை, கட்டுப்போட்ட காலுக்குக் காற்று வந்தது. இரண்டாம் நாளே எனக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் யார் கதவைத் தட்டினாலும் போர்வையை இழுத்து இடுப்புக்கு மேல் மூடிக்கொள்வேன். நீயும் அந்த ஆறு வாரம் நண்பர்கள் ஒருவரையும் வீட்டுக்குக் கூட்டிவரவில்லை. நான் கவனித்தேன், கேட்கவில்லை. உன் அப்பன் அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது உனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நான்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, நீ டியூஷனுக்குப் போயிருந்தபோது, துரைராஜ் ஆரஞ்சுப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், போர்வை எட்டவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “என்ன சார் இது வேஷம்?” என்று சிரித்தார். “ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க” என்று வாய் தானாகச் சொன்னது. அதே நேரம் அம்மா காபி டம்ளரோடு வெளியே வந்தாள். “ஆஸ்பத்திரியில இல்லைங்க. நான் தெச்சேன்” என்றாள். துரைராஜ் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் காபியை வாங்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

“அம்மா, நீங்க… ரெண்டு வருஷம் முன்னால கேட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தது…” என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். அவருடைய நீள நாக்குக்கு அன்றைக்குத்தான் ஒரு முடிச்சு விழுந்தது.

“ஆமாங்க, நான்தான்” என்றாள் அம்மா. “இவரு கேரியரை மறந்துட்டு வந்துட்டாரு. காபி ஆறிடும், எடுத்துக்கங்க.”

அவர் இரண்டே மடக்கில் குடித்துவிட்டு, காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா டம்ளரை எடுக்க வந்தாள். எடுக்காமல் என் எதிரில் நின்றாள்.

“என்னை யாருன்னு சொல்லியிருந்தீங்க?”

சொல்வதற்கு என்னிடம் இன்னும் ஒரு பொய் மிச்சம் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. “வேலைக்காரம்மான்னு” என்றேன்.

“ஏன்?”

“வெட்கமா இருந்துச்சு.”

“நைட்டியாலயா, என்னாலயா?”

“நைட்டியாலதான்.”

“நைட்டிக்குள்ள நான்தானே இருந்தேன்” என்றாள்.

அவள் அழவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். வாசலில் வெளிச்சம் குறையும் வரைக்கும் மிதித்துக்கொண்டே இருந்தாள். எழுந்துபோய் ஏதாவது சொல்லலாம் என்றால் கால் இல்லை. கால் இருந்திருந்தாலும் போயிருப்பேனா, தெரியாது. அன்று மாலை அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மை நம்பி வெயிலில் ஒரு மைல் நடந்து வந்தவளை என் மனைவியே இல்லை என்று சொன்ன ஆள் நான் என்பதை முழுசாக உட்கார்ந்து பார்க்க அதுவரை எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா அறையிலிருந்து வெளியே வந்தபோது ஒரு நைட்டி போட்டிருந்தாள். முன்பக்கம் ஒரு துணி, பின்பக்கம் ஒரு துணி. ஊரார் நைட்டியில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து எப்போதோ தனக்கென்று தைத்துப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறாள். என்னிடம் அவள் அனுமதி கேட்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு காய்கறி வண்டிக்குப் போனாள். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். நான் ஊன்றுகோலை எடுத்தேன். வாசற்படி இரண்டையும் உட்கார்ந்து நகர்ந்தே இறங்கினேன். கோடு போட்ட அங்கியோடு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வெயிலில் நடந்தேன். பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். அம்மா சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

“நீங்க எங்க வர்றீங்க, இந்தக் காலை வெச்சுக்கிட்டு?”

“காய் வாங்கத்தான்” என்றேன்.

அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கத்திரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்தேன். கன்னியம்மா பால் தூக்கோடு அந்தப் பக்கம் வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டாள். “இன்னா அண்ணாத்தே, ரெண்டு பேரும் ஜோடியா போட்டுகினு வந்துகீறீங்க! அண்ணியவிட உனுக்குத்தான் எடுப்பா கீது” என்றாள். முதலில் வண்டிக்காரர் சிரித்தார், அப்புறம் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஃபேக்டரியில் சிரித்த சிரிப்பு இல்லை இது. அம்மா மட்டும் சிரிக்காமல் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். குனிந்து பார்த்தால் அவளும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

கால் சரியாகி நான் வேலைக்குப் போன முதல் வாரமே, கேரியரை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனேன். இதை அவளிடம் இதுவரை நான் சொன்னதில்லை. அவள் கொண்டுவந்தாள், அந்த இரட்டைத் துணி நைட்டியோடு. நான் கேட்டைத் தாண்டி வெளியே போய் வாங்கிக்கொண்டு, துரைராஜையும் கூப்பிட்டு, “என் வீட்டுக்காரம்மா” என்றேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். அடுத்த மாதம் அவர் மனைவி துணியோடு நம் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அம்மா என்ன போட்டுக்கொண்டு எங்கே போகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்குப் பட்டு, கோயிலுக்குப் புடவை, மற்ற நேரம் நைட்டி. எல்லாம் அவள் இஷ்டம். வீட்டில் ஒருவர் உடம்பு லேசாக நடமாடினால் வீடே லேசாகிவிடுகிறது என்பதை அந்த வருடங்களில் நான் கண்ணால் பார்த்தேன். நீ பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். அதனால்தான் உன்னிடம் என்னுடைய முதல் பாதி மட்டும் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கெட்டது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, திருந்தியதைப் பார்க்க நீ அதிக நாள் வீட்டில் இல்லை.

கவிதா உன் வீட்டில்தானே இருக்கிறாள்? அவளுக்கும் அது வீடு. வாரம் ஆறு நாள் வேலைக்குப் புடவை கட்டி, கூட்ட பஸ்ஸில் நின்று போய்வருகிற பெண் ஏழாவது நாள் மாவு கரைக்கும்போது என்ன போட்டிருந்தால் உனக்கென்ன, எனக்கென்ன? கதவைத் திறந்ததும் அவள் முகத்தில் முதலில் வந்த சிரிப்பைச் சொன்னேனே, எங்களுக்கு வேண்டியது அது. அதைத் துடைத்துவிட்டு ஒரு புடவையை அனுப்பிவைத்தாய். நீ கெட்டவன் என்று சொல்லவில்லை. என்னைப் போலவே இருக்கிறாய், அதுதான் என் கவலை. அவளிடம் போய், நான் சொன்னது தப்பு என்று சொல். இந்த வாரமே சொல். நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்காதே. நான் காத்திருந்து பார்த்தேன். சேர்ந்து சிரித்தோம், சந்தோஷமாக வாழ்ந்தோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மன்னித்துக்கொள் என்ற வார்த்தையை மட்டும் நான் உன் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

நேற்று மத்தியானம் இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஊசியில் நூல் கோக்க அவளுக்கு இப்போது கண் தெரிவதில்லை, நான்தான் கோத்துத் தருகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் துடைத்த இடம் வந்தபோது மட்டும் நிமிர்ந்து, “பையனுக்கு அதை ஏங்க எழுதுனீங்க, அவன் மனசு கஷ்டப்படும்” என்றாள்.

“அந்தத் துணியை அவன் கையில பார்த்தப்ப நீ என்ன நினைச்ச?” என்று கேட்டேன். பதின்மூன்று வருடமாகக் கேட்க வேண்டும் என்று இருந்த கேள்வி.

“கோபம் தணிஞ்சதும் வேற ஒண்ணு வாங்கிட்டு வருவீங்கன்னு நினைச்சேன்” என்றாள். “கொஞ்ச நாள் பார்த்தேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சுக்க” என்றேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை, தம்பி. “சரி சரி, ஊசி குத்தப் போகுது” என்று கையை விடுவித்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் காபி கொடுக்கும்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இருட்டும் வரைக்கும் எழுந்து போகவில்லை.

அம்மா ஒரு விஷயம் எழுதச் சொன்னாள். கவிதாவுக்கு நாலு நைட்டி தைக்கத் துணி எடுக்கப் போகிறாளாம். தோள், மார்பு, உயரம் மூன்றும் வேண்டுமாம். அளவை நீ எடுத்து எழுதி அனுப்பாதே. கவிதாவையே எழுதச் சொல். அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும், கை நீளமா குட்டையா, பை ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பதையும் அவள் இஷ்டப்படி அவள் கையாலேயே எழுதட்டும். நாங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

உன் அப்பா